கிளைப் பாதை எப்படி வேலை செய்கிறது? மதுரை–போடி ரயிலை வைத்து ஒரு விளக்கம்

தமிழ்நாட்டு ரயில் வரைபடத்தில் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், திருநெல்வேலி என்று சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் கோடு சட்டென்று கண்ணில் படும். அதில் மதுரையில் விரலை வைத்து மேற்கே நகர்த்துங்கள். மெல்லிய கோடு ஒன்று உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போய்ப் போடிநாயக்கனூரில் முடிந்துவிடும். மொத்தம் 90 கிலோமீட்டர். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

இப்படி ஒரு ஜங்ஷனில் பிரிந்து, சிற்றூர்களைத் தொட்டுக்கொண்டு போய், ஒரு முனையில் நின்றுவிடும் பாதையைக் கிளைப் பாதை என்கிறார்கள். ரயிலைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் வந்தே பாரத்தும் புல்லட் ரயிலும்தான் வருகின்றன. ஒரு மாவட்டத்துக்கே ரயில் என்றால் அந்த ஒரு கிளைதான் என்ற நிலை இருக்கும்போது அதைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தேனி மாவட்டத்துக்கு இருக்கும் ஒரே ரயில் பாதை இதுதான்.

கிளைப் பாதையைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: காலையில் வண்டி எந்த முனையிலிருந்து கிளம்புகிறது? தண்டவாளம், சிக்னல், எஞ்சின், டிக்கெட் விலை என்று எதைத் தொட்டாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாதை ஏன் வந்தது, ஏன் போடியிலேயே நின்றது

போடிக்கு ரயில் வந்தது 1928-இல். போடிக்கு மேலே இருக்கும் மலைகளில் ஏலக்காய், தேயிலை, காப்பி விளைகின்றன. இன்றும் இந்தியாவின் பெரிய ஏலக்காய் ஏலச் சந்தைகளில் ஒன்று போடியில் நடக்கிறது. விடியற்காலையில் போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுவதை அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். விளைவது மேலே, விற்பது கீழே. கீழே வந்த சரக்கை மதுரைக்கும் துறைமுகங்களுக்கும் கொண்டுபோக ரயில் தேவைப்பட்டது.

இதில் சுவையான ஒரு முன்கதை உண்டு. போடிக்கு ரயில் வருவதற்கு முன்பே மேலே மூணாறில் ரயில் ஓடியது. குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் என்ற மலையுச்சி ஊர் வரை 1908 முதல் ஒரு குறுகிய பாதை இருந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டிகளில் போடி வந்து சேரும். 1924-இல் கேரளத்தில் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று இன்றும் சொல்லப்படும் பெருவெள்ளம் வந்தது. மலைமேல் இருந்த அந்த ரயில் பாதை அதில் அழிந்துபோனது, மறுபடி போடப்படவும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்துக் கீழே போடிக்கு ரயில் வந்தது. மேலே இருந்தபோது கீழே இல்லை, கீழே வந்தபோது மேலே இல்லை.

சரி, போடியிலிருந்து அப்படியே மலையேற்றி மூணாறுக்குப் பாதை போட்டிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் ஒரே எஞ்சின் ஆயிரம் டன்னுக்கு மேல் இழுப்பது அதனால்தான். ஏற்றம் வந்தால் அதே குணம் எதிரியாகிவிடும், சக்கரம் வழுக்கும். நூறு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே ரயில்வே கணக்கில் அது நல்ல ஏற்றம். போடியிலிருந்து மலைமேல் போகும் போடிமெட்டுச் சாலை கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இந்தப் பாதைக்குள்ளேயே ஒரு சிறு மலை குறுக்கிடுகிறது. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே இருக்கும் ஆண்டிபட்டிக் கணவாய்தான் அது. சாலை வளைந்து ஏறி இறங்கிவிடும், ரயிலுக்கு அது முடியாது. பாறையை வெட்டி, ஏற்றத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் கல் சுவராக நிற்க நடுவே வண்டி போகும்படி வழி செய்திருக்கிறார்கள். மீட்டர் கேஜ் என்ற குறுகலான தண்டவாளம் இருந்த காலத்தில் வெட்டிய வழியை, இப்போதுள்ள அகலப் பாதைக்காக மறுபடி வெட்டி விரிக்க வேண்டியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வருபவர்களுக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடம் அதுவாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளி

கிளைப் பாதைக்கு ஒரு சாபம் உண்டு. நெருக்கடி என்று வந்தால் முதலில் கை வைப்பது அதில்தான். இரண்டாம் உலகப் போரில் இரும்புத் தட்டுப்பாடு வந்தபோது, 1942-இல் இந்தப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களின் முதல் பாதியில்தான் திரும்பப் போட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த ரயில் பத்தாண்டுகளுக்கு மேல் இல்லாமல் போனது.

அதே கதை இன்னொரு முறையும் நடந்தது. இம்முறை காரணம் அகலம். இந்தியாவில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர் இருந்தால் அகலப் பாதை, 1,000 மில்லிமீட்டர் இருந்தால் மீட்டர் கேஜ். அகலம் மாறினால் ஒரு பாதையின் வண்டி மற்றொன்றில் ஓடாது. மதுரையில் இறங்கி மூட்டை முடிச்சோடு வேறு வண்டிக்கு மாற வேண்டும், சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். இதனால் நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டம் 1992-இல் தொடங்கியது. முக்கியப் பாதைகள் முதலில் மாறின, கிளைகள் காத்திருந்தன.

மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நின்றது. அதற்குப் பிறகு பாதை துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரையிலான 37 கிலோமீட்டர் 2020 தொடக்கத்தில் தயாரானது. அடுத்த 21 கிலோமீட்டர், ஆண்டிபட்டி வரை, அதே ஆண்டின் இறுதியில் முடிந்தது. தேனி வரையிலான 17 கிலோமீட்டரையும் சேர்த்து 2022 மே மாதம் மதுரை–தேனி ரயில் ஓடத் தொடங்கியது. மிச்சம் 15 கிலோமீட்டர் தாண்டி 2023 ஜூன் 15 அன்று போடிக்கு வண்டி போனது. பன்னிரண்டரை ஆண்டுகள். மூடிய நாளில் ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த போடிப் பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்.

ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்துப் பார்த்து அனுமதி தர வேண்டும். இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. பாதையைப் போட்டவர்களே அது பாதுகாப்பானது என்று சான்றிதழ் கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

இந்த இடைவெளியில் நடந்த இன்னொன்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். மக்கள் பேருந்துக்குப் பழகிவிட்டார்கள். மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்கு நாள் முழுக்கப் பேருந்து உண்டு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது சற்று நேரத்தில் வந்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்து நிற்கும் ரயில், அந்தப் பழக்கத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள்

போடிப் பாதை ஒற்றைப் பாதை. போகவும் வரவும் ஒரே தடம். அப்படியானால் எதிரெதிரே வரும் வண்டிகள் எங்கே விலகும்? நிலையங்களில் மட்டும்தான் விலக முடியும், அதுவும் எல்லா நிலையங்களிலும் முடியாது. முதன்மைத் தடத்தின் பக்கத்தில் 'லூப் லைன்' என்ற துணைத் தடம் இருக்கும் நிலையத்தில் ஒரு வண்டி ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போகும். இதற்குப் பெயர் கிராசிங். நம் வண்டி நடுவழியில் ஒரு ஸ்டேஷனில் காரணமே இல்லாமல் நிற்பதாகத் தோன்றினால் பெரும்பாலும் கிராசிங்தான் காரணம்.

இரு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் இருக்க வேண்டும். இதை உறுதிப்படுத்தப் பழைய நாட்களில் செய்திருந்த ஏற்பாடு மிக அழகானது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களின் அறையிலும் ஒவ்வொரு கருவி இருக்கும், இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே கைக்குள் அடங்கும் இரும்புப் பந்துகள். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டு, அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்து பட்டனை அழுத்தினால்தான் பந்து ஒன்று வெளியே வரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு கருவிகளிலும் அடுத்த பந்து வராது. அந்தப் பந்தைத் தோல் பைக்குள் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டி, ஓடும் எஞ்சினை நோக்கி நீட்டுவார்கள். ஓட்டுநர் தரப்பில் ஒருவர் கையை நீட்டித் தோளில் வாங்கிக்கொள்வார். பந்து கையில் இருந்தால் வழி உங்களுடையது, இல்லாவிட்டால் சக்கரம் நகரக் கூடாது. அடுத்த நிலையத்தில் அந்தப் பந்தைக் கருவிக்குள் போட்ட பிறகுதான் பாதை மற்ற வண்டிக்குத் திறக்கும். இப்போது பெரும்பாலான இடங்களில் இந்த வேலையை மின்சுற்றுகளும் சிக்னலும் செய்கின்றன. விதி என்னவோ அதேதான்.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு வரும். இரு கிராசிங் நிலையங்களுக்கு நடுவே வண்டி போக அரை மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று போய்ச் சேர அரை மணி, எதிர் வண்டி திரும்ப அரை மணி. ஆக, மணிக்குத் திசைக்கு ஒரு வண்டி. அதற்கு மேல் முடியாது. நடுவில் ஒரு கிராசிங் நிலையம் கூட்டினால் கொள்ளளவு இரட்டிப்பாகும். கிளைப் பாதையில் 'கூடுதல் ரயில் விடு' என்று கேட்பதற்கு முன் லூப் லைன் எத்தனை இருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

போடிப் பாதையில் அந்த நெருக்கடி இன்னும் வரவில்லை. 2023-இல் போடி வரை நீட்டியபோது நாள்தோறும் ஓட விட்டது ஒரே ஒரு முன்பதிவில்லா வண்டி. அது போய்த் திரும்பும். இதோடு வாரம் மூன்று நாள் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு ஒரு அதிவிரைவு வண்டி. தடம் பெரும்பாலான நேரம் காலியாகத்தான் கிடந்தது. அப்படியென்றால் தடையாக நின்றது தண்டவாளம் இல்லை.

வண்டி இரவில் எங்கே தூங்குகிறது

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

அந்த முன்பதிவில்லா வண்டிக்கு 2023-இல் வைத்த நேரத்தைப் பாருங்கள். காலை எட்டு மணிக்கு மேல் மதுரையிலிருந்து கிளம்பிப் பத்து மணி வாக்கில் போடி. மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு போடியிலிருந்து கிளம்பி எட்டு மணி வாக்கில் மதுரை. மதுரைக்காரர் ஒருவர் காலையில் தேனிக்குப் போய் வேலையை முடித்து இரவில் வீடு திரும்ப அருமையான நேரம். தேனிக்காரர் ஒருவருக்கு? காலையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் புறநோயாளியாகப் போக வேண்டும், கல்லூரிக்குப் போக வேண்டும், மொத்த வியாபாரிகளிடம் சரக்கு எடுக்க வேண்டும் என்றால் அவருக்கு ரயிலே இல்லை. அவர் பேருந்துதான் ஏறியாக வேண்டும். மாலையில் மதுரை வந்து சேரும் வண்டி, இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போகிறவருக்கு உதவும். காலையில் மதுரையை விட்டுக் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க உதவாது.

கிளைப் பாதையில் பயணிகள் நகரும் திசை பெரும்பாலும் ஒன்றுதான்: காலையில் சிற்றூரிலிருந்து நகரத்துக்கு, மாலையில் நகரத்திலிருந்து சிற்றூருக்கு. வண்டி இதற்கு நேர் எதிராக ஓடினால் பெட்டிகள் காலியாகப் போவதில் வியப்பில்லை.

ஏன் அப்படி நேரம் வைத்தார்கள்? வண்டி இரவில் தங்கும் ஊர் மதுரை. பெட்டிகளைக் கழுவி, கழிப்பறைகளுக்குத் தண்ணீர் நிரப்பி, அடியில் சக்கரத்தையும் பிரேக்கையும் சோதிக்க 'பிட் லைன்' என்ற குழித் தடம் வேண்டும். தடத்துக்கு அடியில் ஆள் இறங்கி நின்று மேலே பார்த்து வேலை செய்யும் அமைப்பு அது. ஓட்டுநர்கள் இரவு தங்கி ஓய்வெடுக்க ரன்னிங் ரூம் வேண்டும். இதெல்லாம் பெரிய ஜங்ஷனில் ஏற்கெனவே இருக்கும். கிளையின் முனையில் புதிதாகக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால், வண்டி ஜங்ஷனில் தூங்கி ஜங்ஷனிலிருந்தே விழிக்கும். நிர்வாகத்துக்கு வசதியான நேர அட்டவணை, பயணிக்கு வசதியானது ஆகிவிடாது.

முனையில் இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை ஒருமுறை நின்று பார்க்கலாம். போடி வந்து சேர்ந்த எஞ்சின் இப்போது வண்டியின் தவறான முனையில் இருக்கிறது. திரும்பிப் போக அது மறுமுனைக்கு வர வேண்டும். தடம் மாற்றும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே இறங்குவார். காற்றுக் குழாய்களின் அடைப்பைத் திருகி மூடி, குழாயைப் பிரிப்பார், 'புஸ்' என்று மிச்சக் காற்று வெளியேறும். எஞ்சினையும் பெட்டியையும் பிணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டுக் கொடி காட்டுவார். எஞ்சின் தனியாக முன்னே போய், தடம் மாறி, லூப் லைன் வழியாகப் பெட்டிகளைத் தாண்டி, மறுபக்கம் வந்து மெல்ல முட்டி நிற்கும். மறுபடி கப்ளிங், மறுபடி குழாய். கடைசிப் பெட்டி வரை பிரேக் குழாயில் காற்றழுத்தம் வந்துவிட்டதா என்று கார்டு தன் பெட்டியில் உள்ள மானியில் பார்த்துச் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பத் தயார். முனையில் லூப் லைன் இல்லாவிட்டால் இந்தச் சுற்றே நடக்காது.

தனி எஞ்சின் இல்லாமல், மின்சாரத்தில் ஓடும் மெமு, டீசலில் ஓடும் டெமு வண்டிகளில் இந்த வேலை கிடையாது. இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்துபோய் ஏறிக்கொண்டால் போதும். சீக்கிரம் வேகமெடுக்கும், சீக்கிரம் நிற்கும், அடிக்கடி நிறுத்தம் உள்ள பாதைக்குப் பொருத்தம். கிளைப் பாதைகளுக்கு மெமு கேட்டு மனு மேல் மனு போவது இதற்காகத்தான்.

டிக்கெட்டும் லாபக் கணக்கும்

கொரோனாவுக்கு முன் பாசஞ்சர் வண்டியின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். கொரோனாவுக்குப் பின் வண்டிகள் சிறப்பு ரயில் என்ற பெயரில், 0 என்று தொடங்கும் எண்ணோடு, எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் திரும்பி வந்தன. குறைந்தபட்சம் 30 ரூபாய் ஆனது. 2024 தொடக்கத்தில்தான் மறுபடி 10 ஆனது. நெடுந்தூரப் பயணிக்கு 20 ரூபாய் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தேனியிலிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் போகிறவருக்கு அது ரயிலா பேருந்தா என்பதையே முடிவு செய்துவிடும்.

'கிளைப் பாதை நஷ்டத்தில் ஓடுகிறது' என்று சொல்லப்படும் இடங்களில் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: எந்தக் கணக்கில்? போடியில் ஏறிச் சென்னை போகிறவர் கொடுக்கும் டிக்கெட் பணத்தில் 90 கிலோமீட்டருக்கு உரிய பங்கு மட்டும்தான் கிளையின் வருமானமாகத் தெரியும். மதுரைக்கு அப்பால் உள்ள நெடுந்தூரத்தின் வருமானம் முக்கியப் பாதைக்குப் போய்விடும். கிளை இல்லாவிட்டால் அவர் போடியிலேயே ஆம்னி பேருந்தில் ஏறியிருப்பார், ரயில்வேக்கு ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. வாய்க்காலில் வந்த தண்ணீரைக் கண்மாய்க் கணக்கில் எழுதிவிட்டு, வாய்க்காலால் பயனில்லை என்று தூர்ப்பதைப் போன்றது இது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி போன்ற கிளைகள் 1980-களில் நிறுத்தப்பட்டு இன்றுவரை திரும்பவில்லை. திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளி போன்றவை நெடுங்காலம் கழித்து, 2023-இல், அகலப் பாதையாகத் திரும்பின.

நாளுக்கு ஒரு வண்டி, அதுவும் எதிர்த்திசையில் என்றால் கூட்டம் குறைவாக இருக்கும். கூட்டம் குறைவு என்று காட்டி, கூடுதல் வண்டிக்குத் தேவையில்லை என்று எழுதுவது எளிது. இந்தச் சுழலை உடைக்கப் புதிய பாதை வேண்டாம், பல நூறு கோடியும் வேண்டாம். விடிந்ததும் போடியிலிருந்து கிளம்பி எட்டரைக்குள் மதுரையில் சேரும் ஒரு வண்டி போதும் என்பது என் எண்ணம். சென்னையிலிருந்து காலையில் வந்து சேரும் வண்டி இரவுவரை போடியில் காத்திருந்துதான் திரும்புகிறது. ஆக, பகலில் ஒரு முழு வண்டி போடியில் நிற்க இடம் இருக்கத்தான் செய்கிறது. இரவில் ஒன்று நிற்பதற்கு வேண்டியது தண்ணீர் நிரப்பும் குழாய், பெட்டிகளுக்குக் காவல், ஓட்டுநர்களும் கார்டும் படுத்து எழ ஓர் அறை. பெரிய பராமரிப்பை மாலைக்கும் காலைக்கும் நடுவே செய்ய வேண்டியதில்லை, பகலில் மதுரை வந்து நிற்கும் நேரத்தில் செய்துகொள்ளலாம்.